ஒரு கால் நீலம், ஒரு கால் வெளுப்பு

கால்சட்டை என்பது எப்படி உண்டாகிறது என்று எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. பாவாடை புரியும், ரவிக்கை புரியும். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்தபோது குழந்தைகளுக்குக் கவுன் தைக்கக்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு குழாய்களைத் தனித்தனியாகத் தைத்து, நடுவில் ஒரு மனிதன் நடக்கவும் உட்காரவும் இடம் விட்டு, மேலே இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது இருக்கிறதே, அதை முதலில் யோசித்தவனுக்கு வேறு வேலையே இருந்திருக்காது.

மலைமேல் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லாக முளைத்த காலம் அது. தாராபுரத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் உழுதுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒரு மில்லின் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மில்லுக்குப் பின்னால் வரிசை வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். தீபாவளி நெருங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஒருத்தரு வேட்டி மிஷின் பெல்ட்டுல சிக்கிப்போச்சு அம்மணி. ஆளு பொழச்சதே பெருசு. திங்கக்கெழமையிலிருந்து கால்சராய் போட்டு வந்தாத்தான் உள்ள உடுவாங்களாம். இல்லீன்னா ஊருக்குப் போயிரோணுமாம்.”

ஊருக்குப் போவது என்றால் மாமனார் வீட்டுக்குப் போவது. அங்கே மூத்தார் மனைவிகள் இரண்டு பேர், அவர்களுக்குப் பிறகு நான். எந்தக் குழம்பில் எவ்வளவு புளி என்பதைக்கூட அங்கே நான் முடிவு செய்ய முடியாது. கோயமுத்தூரில் இருந்தது ஒரே அறைதான், மழை வந்தால் மூலையில் ஒழுகும். ஆனாலும் அந்த அடுப்பு என்னுடையது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

இதில் இன்னொரு சங்கடம், அப்போது என் மாமியாரும் எங்களோடு இருந்தார். தீபாவளிக்கு இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லிக் கம்பு மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். மகனைத் திரும்ப அழைத்துப் போகவும் ஆசை. அதை அவர் மறைக்கவும் இல்லை. “பாரு சாமி, அந்த மாசாணியம்மாளே வழி காட்டறா. காடு சும்மா கெடக்குது, வந்துரு,” என்றார். இவர் விட்டத்தைப் பார்த்தார். இவர் எப்போதும் அப்படித்தான். அம்மா பேசினாலும் விட்டம், நான் பேசினாலும் விட்டம்.

தையல்காரரிடம் போனால் அவர் தலையைத் தூக்கவே இல்லை. “தீவாளி கழிச்சு வாங்க” என்று துணிக்குவியலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. என்னிடம் கல்யாணச் சீராக வந்த கைத்தையல் மிஷின் ஒன்று இருந்தது. “நானே தெச்சுப்போடறேனுங்க,” என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைத்தெருவில் தடித்த நீலத் துணி ஒன்று வாங்கி வந்தார். கடைக்காரர் அதை டங்கிரி என்று சொன்னாராம். மேல்பக்கம் நல்ல நீலம், உள்பக்கம் வெளிறிப்போன வெள்ளை. தார்ப்பாய் போல விறைப்பாக இருந்தது.

அடுத்தது அளவு எடுக்க வேண்டும். இங்கேதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆனது. புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம். ஒற்றை அறையில் மாமியார் எதிரே அவர் இடுப்பைச் சுற்றி நான் டேப் பிடிப்பதா? நினைத்தாலே வியர்த்தது. உயரத்துக்கு வழி கண்டுபிடித்தேன். அவருடைய வேட்டி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வரும், ஆகவே வேட்டியின் அகலமே கால்சட்டையின் நீளம். அரைக்கு என்ன செய்வது? அரையில் எப்போதும் கிடப்பது அரைஞாண் கயிறு. அதைவிடச் சரியான அளவு உலகத்தில் உண்டா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது, “அந்தக் கவுத்தக் கொஞ்சம் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க,” என்று காதோடு சொன்னேன். இடுப்புக்குக் கீழே உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் டேப்பை எடுத்து வருவதற்காக அதை ஆணியில் மாட்டினேன்.

மாமியார் உள்ளே வந்து அந்த ஆணியைப் பார்த்தார். அடுத்த நிமிடம் அறையே கிடுகிடுத்தது.

“ஐயோ, என்ற மவன் கவுறு ஆணியில தொங்குதே! உசுரோட இருக்கற ஆம்பள அரையிலிருந்து அத எவடி உருவுனா?”

கயிறு இற்றுப்போனால் புதிதைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்பார்கள். வெறும் அரையோடு ஒருவனை விடுவது, அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கும்போது மட்டும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கால்சட்டை நினைப்பில் அது வெறும் அளவுக் கயிறாகத்தான் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொன்னார்கள். சரி, மூடநம்பிக்கைதான். பிறகு நான் ஏன் அந்தக் கயிற்றை ஆணியிலிருந்து அப்படிப் பிடுங்கி எடுத்தேன்? வேட்டி சிக்கிய ஆளின் நினைப்பு வேறு வந்து தொலைத்தது. இவர் ஈரத் தலையோடு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை அழுதுகொண்டே ஒரு புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி, ஆனைமலை மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தன் கையாலேயே மகன் அரையில் கட்டினார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

அந்தக் குழப்பத்திலேயே பழைய கயிற்றை டேப்பில் வைத்து அளந்துவிட்டுக் கத்தரியை எடுத்தேன். ரவிக்கை என்றால் துணியை இரண்டாக மடித்து வெட்டுவோம், வலமும் இடமும் தானாக வந்துவிடும். இந்தத் துணியை மடித்தால் கத்தரி ஏறவில்லை. ஒற்றையாக விரித்து ஒரு காலுக்கு வெட்டினேன். வெட்டிய துண்டுகளையே புரட்டிப் போடாமல் மேலே வைத்து அடுத்த காலுக்கும் வெட்டினேன். பிறகு இரண்டையும் சேர்க்கப் போனால் சேரவே மாட்டேன் என்கிறது. திருப்பினேன், புரட்டினேன், தலைகீழாகப் பிடித்தேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு இடக்கால்கள் தயாராகியிருந்தன.

மிச்சத் துணியில் ஒரு பைகூட வராது. ஒன்றை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால்தான் வலக்கால் ஆகும். வேறு வழியில்லாமல் அப்படியே திருப்பித் தைத்தேன். ஒரு கால் நீலம், ஒரு கால் வெளுப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மிஷின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டார், கையை விட்டார், கால்சட்டை சரசரவென்று இறங்கியது. அரைஞாண் கயிறு இடுப்பில் இறுக்கமாகவா இருக்கும்? உருவி எடுக்கும் அளவுக்குத் தொளதொளவென்று கீழேதான் கிடக்கும். அந்த அளவுக்குத் தைத்தால் இறங்காமல் என்ன செய்யும்! அவரைச் சுவரோரம் நிற்க வைத்து, பின்பக்கம் முழுக்கப் பிடித்துப் பிடித்து ஊசி குத்தினேன். பிரித்தேன், தைத்தேன், மறுபடி நிற்க வைத்தேன். கடைசியில் கச்சிதமாக நின்றது. பட்டாளத்துக்காரர் மாதிரி இருந்தார் என்றுகூடச் சொல்லலாம், நிறத்தைப் பார்க்காமல் இருந்தால்.

கோயிலிலிருந்து வந்த அத்தை கொடியில் கிடந்ததை உற்றுப் பார்த்தார். “நாலு பேரு சிரிப்பாங்க,” என்று மகனிடம் சொன்னார்.

“மில்லு கேட்டுல சராயான்னுதான் பாப்பாங்க, நெறமா பாக்கப் போறாங்க?” என்றார் இவர். விட்டத்தைப் பார்க்காமல் அவர் பதில் சொன்னதே எனக்கு அதிசயம். அத்தை சொன்னது கேலியா, கவலையா, நல்லதாகப் போயிற்று என்ற சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அத்தை முகத்தைப் பார்ப்பதும் குனிவதுமாகவே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை. புதுத்துணி என்பதால் ஓரத்தில் மஞ்சள் வைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். புதுத்துணி உடுத்தினால் அம்மாவின் காலில் விழுவது வழக்கம். அத்தை கிழக்குப் பார்த்து நின்றார். இவர் விழப் போனார். பாதி குனிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். முழங்காலை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. பின்பக்கம் தையல் முறுக்கிக்கொண்டு கிறீச்சென்றது. நேராக நிற்க வைத்தே அளவு பார்த்தேனே தவிர, குனியச் சொல்லிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே மில் சங்கு ஊதியது.

“உழுந்து கும்பிட முடியலீங்கம்மா,” என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

இப்போது அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேட்டியைக் கட்டிக்கொள்வார். மூட்டையைக் கட்டிக்கொண்டு மூவரும் தாராபுரம் பஸ்ஸில் ஏறிவிடலாம். நான் அத்தையையே பார்த்தேன். அத்தை மகனையே பார்த்தார்.

“உழுவ வேண்டாஞ்சாமி. கிழிஞ்சுபோச்சுன்னா உள்ள உடமாட்டாங்க. நீ நில்லு.”

சொல்லிவிட்டு, தானே முன்னால் வந்து, குதிகாலைத் தூக்கி எக்கி, மகன் நெற்றியில் திருநீறு பூசினார். உச்சந்தலையில் கை வைக்க எட்டவில்லை. கையைத் தோளில் வைத்தார். “பெல்ட்டுப் பக்கத்துல பாத்து நில்லு கண்ணு,” என்றார்.

இவர் சந்தில் விறைத்து விறைத்து நடந்து போனார். நீலக்காலும் வெள்ளைக்காலும் மாறி மாறித் தெரிந்து, மில் கேட்டுக்கு முன்னால் கூட்டத்தில் கலந்து உள்ளே போய்விட்டன. திருப்பி அனுப்பவில்லை. அத்தை வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சனிக்கிழமைக்குப் பின் முதன்முறையாக, என்னிடம் பேசினார்.

“குனிய முடியாத துணியப் போட்டுட்டான். இனி அவன் காட்டுக்கு வரமாட்டான் அம்மணி. நீ நல்லாத்தான் தெச்சுப்போட்ட.” வெறும் கம்புச் சாக்கை உதறி மடித்தார். “மத்தியானம் தாராபுரத்துக்கு பஸ்ஸு இருக்குதான்னு கேட்டுச் சொல்லு.”

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் எப்போது கிளம்புவார் என்று வந்த நாளிலிருந்து நான் காத்திருந்ததும் உண்மை. ஆனால் அந்தச் சாக்கை அவர் கையிலிருந்து பிடுங்கி, “தீவாளி வரைக்கும் இருங்கத்தை, போகாதீங்க,” என்று தேம்பித் தேம்பி அழுதது நான்தான்.