கடலைக்காய் விலையை ஏற்றிய பிரசிடெண்டு

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் கடலைக்காய் விலையை ஏற்றி வைத்தவர் என் பெரியப்பா. ஊரே அப்படித்தான் சொன்னது. ஊர் சொன்னதைப் பெரியப்பா மறுக்கவில்லை. அப்புறம் நான் எதற்குச் சந்தேகப்படப் போகிறேன்?

பெரியப்பா பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு. அவரும் அவர் தம்பியான என் அப்பாவும் ஒரே வீட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகும் வண்டிப்பாதையை ஒட்டிய மானாவாரி ஊர் எங்களுடையது. அந்த ஊர் பிரசிடெண்டு தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கலாம், பொதுக்கிணற்றைத் தூர் வாரலாம், ஓடையில் வண்டி இறங்கும் இடத்தில் கல் பாவலாம். அதற்கு மேல் ஒரு துரும்பை நகர்த்த வேண்டுமென்றாலும் தர்மபுரி தாலுகா கச்சேரிக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அவருக்கு முன்னால் பிரசிடெண்டாக இருந்தவரை ஏரிக்கரைக்காரர் என்பார்கள். அவர் காலத்தில் எதை விளைவித்தாலும் விலையில்லை. சந்தைக்குக் காய் ஏற்றிப் போனவர்கள் வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டாமல் திரும்பி வந்தார்கள். அப்போது உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊருக்கு உலகத்தைத் தெரியாது, ஏரிக்கரைக்காரரைத் தெரியும். ஆகவே அவரைத் திட்டியது. தேர்தல் வந்தபோது பெரியப்பாவே புளியமரத்தடியில் நின்று, “இவரு அந்த நாற்காலியில உக்காந்திருக்கற வரைக்கும் நம்ம காய்க்கு வெலை வராதுங்க” என்று பேசினார். கைகள் எல்லாம் பெரியப்பாவுக்கே உயர்ந்தன.

அவர் வந்த வருடம் மழை தவறவில்லை. தர்மபுரி வியாபாரிகள் களத்துக்கே வந்து காய் கேட்டார்கள். ஓட்டு வீடு இரண்டு எழும்பின. பிரசிடெண்டு ராசி என்றார்கள். விதைப்புக்கு முன் அவர் கையால் ஒரு பிடி விதை வாங்கிப் போக ஆட்கள் வந்தார்கள். முதல் வருடம் பெரியப்பா கூச்சப்பட்டார். அடுத்த வருடம் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதற்கும் அடுத்த வருடம், யார் யார் வரவில்லை என்று பெரியம்மாவிடம் விசாரித்தார்.

எனக்கும் அந்த ராசியில் பங்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது என்னோடு சண்டைக்கு வந்தால், “எங்க பெரியப்பாகிட்டச் சொல்லி உங்க வூட்டுக் காய்க்கு வெலை இல்லாமப் பண்ணிருவேன்” என்பேன். பெரிய பிள்ளைகள்கூட அடங்கிப் போவார்கள்.

சீமையில் இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய வருடம் காய் நன்றாக விளைந்திருந்தது. விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. எப்போதும் எங்கள் ஊருக்கு வரும் தர்மபுரி சாயபு பெரியப்பாவிடம் வந்து, “பிரசிடெண்டு, இப்பவே குடுத்துருங்க. இந்தக் காயெல்லாம் கப்பல்ல போவுது. கப்பலு நின்னுச்சுன்னா நானும் வர மாட்டேன்” என்றார். வியாபாரி விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்று பெரியப்பா சிரித்தார். சாயபு போன பின் ஊராரிடம், “யாரும் அவசரப்படாதீங்க. இன்னும் ஏறும். நான் இருக்கறேனில்ல?” என்றார்.

மேட்டு வீட்டு மாமாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது. அந்த அக்காதான் எனக்குத் தினமும் தலை பின்னிவிடுவாள். அவளுக்குச் சேலை எடுப்பதும் பந்தல் போடுவதும் அந்தக் காயை நம்பித்தான்.

“வித்துரட்டுமா மச்சான்? பொண்ணு காரியம் இருக்குது” என்று மாமா கேட்டார்.

பெரியப்பா அவர் தோளில் கை வைத்தார். “பொறு மச்சான். பொண்ணுக்கு ரெண்டு சேலை கூட எடுக்கலாம்.”

மாமா பொறுத்தார். ஊரும் பொறுத்தது. தை போனது, சித்திரை போனது. ஆனியில் விலை சரியத் தொடங்கி, ஆடிக்குள் கேட்பாரே இல்லாமல் போனது. சாயபு வரவில்லை. பெரியப்பா தர்மபுரிக்குப் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். கடல் தாண்டிக் காய் வாங்கிக்கொண்டிருந்த நாடுகள் சண்டையில் விழுந்துவிட்டனவாம். கப்பல் போக வழியில்லையாம். இதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, கால் கழுவக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஊர் கப்பலைப் பற்றிப் பேசவில்லை. பிரசிடெண்டுக்கு ராசி போய்விட்டது என்றார்கள் முதலில். சாயபுவிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு ஊரை ஏமாற்றிவிட்டார் என்றார்கள் பிறகு. கிணற்றடிக்குப் பெரியம்மா போனால் பேச்சு நிற்கும். அக்கா எனக்குத் தலை பின்ன வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடம், “எங்க காய்க்கு உங்க பெரியப்பாதான் வெலை இல்லாமப் பண்ணிட்டாரு. பண்ணுவாருன்னு நீயே சொன்னியே” என்றாள். அவள் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஒரு நாள் காலையில் ஊர் கூடியது. அதே புளியமரத்தடி. பெரியப்பா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு போனார். பெரியம்மா தடுத்தும் கேளாமல் நான் பின்னாலேயே ஓடினேன்.

“வெலைய நானா எறக்குனேன்?” என்று ஆரம்பித்தார் பெரியப்பா. “சீமையில சண்டை. கப்பலு போவல. இதுல நான் என்னாங்க பண்ண முடியும்?”

மேட்டு வீட்டு மாமா எழுந்தார். கத்தவில்லை. “ஏறுனப்ப மட்டும் நீங்க ஏத்துனீங்களா, பிரசிடெண்டு?” என்றார்.

அவர் வாயில் மச்சான் இல்லாமல் பிரசிடெண்டு வந்தது எனக்கே உறைத்தது. பெரியப்பா வாயைத் திறந்தார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், “அவருக்கென்னப்பா, அவரு வூட்டுக் காய அப்பவே வித்திருப்பாரு. நம்மதான் இளிச்சவாயனுங்க” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல! எங்க வூட்ல மூட்டை மூட்டையாக் கெடக்குது. எலி கொறிக்கற சத்தத்துல என்னால தூங்கவே முடியல!” என்று கத்திவிட்டேன். பல பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சூடு தணிந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகுதான் ஏரிக்கரைக்காரர் எழுந்தார். பதவி போனதிலிருந்து அவர் ஊர்க்கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

“வெலை அவரு கையில இல்லீங்க” என்றார். “என் கையிலயும் இருந்ததில்ல. அன்னிக்கே சொன்னேன். நீங்க யாரும் கேக்கல.”

பெரியப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முணுமுணுத்தது. தப்பித்துக்கொள்ள நல்ல வழி கிடைத்துவிட்டது, பெரியப்பா அதைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். பெரியப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவரு சொல்றது நெசம். வெலை எறங்குனதுக்கு நான் பொறுப்பில்ல. ஆனா விக்காதீங்கன்னு சொன்னது நான்தான். அதுக்கு நான்தான் பொறுப்பு. ஏறுனப்ப எல்லாரும் எம் பேரச் சொன்னீங்க. அது நானில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். கேக்க நல்லாருந்துச்சு, சொல்லல.” பிறகு மாமாவைப் பார்த்து, “மச்சான், கல்யாணத்த நிறுத்தாத. எங்க வூட்ல வெச்சு நடத்தறேன். நம்ம பொண்ணுதானே அவ” என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பெரியப்பா ஏரிக்கரைக்காரர் பக்கம் திரும்பினார். “இதே எடத்துல நின்னு உங்களப் பத்தி நான் பேசுனது பொய்யுங்க.”

“அது போவட்டும்” என்றார் அவர். “பத்து நாளாத் தெருவெளக்கு எரியல. மொதல்ல அதப் பாருங்க.”

கல்யாணம் ஆவணியில் எங்கள் வீட்டு வாசலில்தான் நடந்தது. தானியக் குழியைத் திறந்தார்கள். வண்டி மாடுகள் சந்தைக்குப் போயின. அப்பா மாடு போன கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அக்கா மணையில் உட்காருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, பூ வாடிவிடும் என்று பெண்கள் அவசரப்படுத்தியும் கேளாமல், எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அதன் பிறகும் பெரியப்பா பிரசிடெண்டாகவே இருந்தார். ஊர் அவரை விலக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை. அவரும் கூட்டம் போட்டுப் பேசுவதை விட்டுவிட்டார். சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறார்களா என்று தெருவைச் சுற்றி வருவார். ஓடையில் கல் பாவும் வேலையைக் கூடவே நின்று பார்த்தார். அந்த வருட மழையில் ஓடையில் ஒரு வண்டியும் சிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வண்டி சிக்கினால்தானே பேச்சு!

சண்டை நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, காய் விலை மறுபடியும் ஏறியது. முன்பு ஏறியதைவிட அதிகமாகவே ஏறியது. சாயபு மறுபடியும் களத்துக்கு வந்தார். ஒரு நாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் மாலையும் பழத்தட்டுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“உங்க ராசி திரும்பிருச்சுங்க. இனிமே எப்பவும் நீங்கதான் பிரசிடெண்டு” என்றார் ஒருவர். கமிஷன் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். நான் வாசற்படியில் நிமிர்ந்து நின்றுகொண்டேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டேன்.

“வெலை என் கையில இல்லீங்க, அன்னிக்கே சொன்னேனே” என்று பெரியப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். மாலையை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டார். அவர்கள் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினார். தாலுகா கச்சேரியில் ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பினார்.

நான் அழுதேன். ஊரே ஏசியபோது விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியை, ஊரே மாலையோடு வந்து நின்ற நாளில் எந்த மனிதராவது விடுவாரா? பெரியம்மாவாவது நாலு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன். அவளோ தட்டில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்து, கொள்ளுக் கடைசலை ஊற்றினாள்.

பெரியப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு உருண்டை முடிந்ததும், “இன்னொன்னு வை” என்று தட்டை நீட்டினார். அதையும் வழித்துச் சாப்பிட்டார். பதவியைத் தொலைத்துவிட்டு வந்த மனிதருக்கு இப்படியும் பசிக்குமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.