கிழக்கிலிருந்து அடித்த மதிய வெயில்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்று முப்பத்தைந்து. அக்னி நட்சத்திரத்தின் பதினோராம் நாள். மேகம் இல்லை, காற்று இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். எனக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இரண்டும் குட்டை.

மேற்கே விழுந்த நிழலுக்குக் காரணம் கிழக்கே பக்கத்து மனையில் எழும்பியிருந்த கிடங்கு. நாற்பதடி உயரத்துக்குப் பளபளக்கும் தகட்டுச் சுவர். உச்சி சாய்ந்ததும் வெயில் அதில் பட்டு எங்கள் வீட்டின் மேல் கொட்டும். என் மனைவிக்கு ரத்த அழுத்தம். ஏப்ரலில் மட்டும் இரண்டு முறை சமையலறையில் தலை சுற்றி விழுந்தாள். குன்றத்தூர் மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை. "பகல்ல குளிர்ச்சியான எடத்துல வைங்க, அடுத்த தடவை விழுந்தா எழுந்திரிக்க மாட்டாங்க" என்றார். குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது?

கிடங்கு மேலாளரிடம் மூன்று முறை போனேன். சுவருக்கு மங்கலான பெயிண்ட் அடித்தால் போதும் என்றேன்.

"சார், வெயிலு எல்லாருக்கும்தான் அடிக்குது. எங்க செவுத்துல இருந்து இவ்ளோ வருதுன்னு ஒரு ப்ரூஃப் குடுங்க, ஹெட் ஆபீசுக்கு எழுதுறேன்."

ஆதாரம் என் மாடியிலேயே இருப்பதாக நினைத்தேன். ஜனவரியில், கிடங்கு வெறும் தூண்களாக நின்றபோது, சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்து மாடியில் ஒரு கம்பம் நட்டிருந்தாள். அதில் நான்கு சின்னக் குமிழ்கள். இரண்டு வானத்தைப் பார்த்தன, இரண்டு தரையை. பூமிக்கு வரும் வெயில் எவ்வளவு, திரும்பிப் போகும் வெளிச்சமும் வெப்பமும் எவ்வளவு என்று வரவு செலவு பார்க்கும் கருவி ஒன்று செயற்கைக்கோளில் சுற்றுகிறதாம். தினமும் ஒன்றரை மணி வாக்கில் நம்மைக் கடக்கிறதாம். அதன் கணக்கைக் கீழேயிருந்து ஒத்துப் பார்க்கத்தான் இந்தக் கம்பம் என்றாள். நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் இருப்பு எண்ணியவன். ஒத்துப் பார்ப்பது எனக்குப் புரிந்த வேலை. காலையில் குமிழ்களைத் துடைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் வரை ஒத்துப்போனது. கிடங்குக்குத் தகடு ஏறிய பிறகு, ஏப்ரலில் போகவில்லை. அந்தப் பெண் வந்து மாடியேறிப் பார்த்தாள். கம்பத்தின் கீழே இரண்டு வெள்ளை வேட்டி நிறைய அரிசி வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"அங்கிள், வெள்ளைத் துணி வெயில திருப்பி அடிக்குமே. கீழ பாக்குற சென்சார் என்ன நினைக்கும்?"

என் மனைவி படியில் நின்றபடி கேட்டாள்: "இன்னா நினைக்கும்? ஊர்ல எல்லார் மாடியிலயும்தான் வடகம் காயுது. மேல சுத்திக்கினு கீதே, அதுக்கு அதெல்லாம் தெரியாதா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வடகத்தை எடுக்கச் சொன்னேன். ஈரம் போகாத வடகத்தைச் சுருட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "வூட்டுக்காரி வேட்டிய எடுக்கணும், பக்கத்துக்காரன் தகட்ட எடுக்க வேணாம். நல்லாகீது உங்க ஞாயம்."

வடகம் போன பிறகும் ஒத்துப்போகவில்லை. மே 14 அன்று அந்தப் பெண் மடிக்கணினியோடு கம்பத்தடியில் உட்கார்ந்தாள். வானம் பார்க்கும் குமிழிலேயே மதியத்துக்கு மேல் நூற்றுக்குப் பதினாறு பங்கு வெயில் கூடுதலாக விழுந்திருந்தது.

"ஆன்ட்டி சொன்னதுதான் சரி. சுவர்தான்."

மேலாளரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சுவர் எழுந்ததிலிருந்து அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு நிம்மதி.

"அத ஒரு தாள்ல எழுதிக் குடும்மா."

"எழுதித் தரேன் அங்கிள். ஆனா ஏப்ரல்ல இருந்து இந்த மாடிக் கணக்க நாங்க சேர்க்கல. சுவரால வந்த பிழைன்னு நீக்கிட்டோம். கம்பத்த வேற எடத்துக்கு மாத்தப் போறோம்."

"பிழையா? நெஜமாதானேம்மா அடிக்குது?"

"உங்க வீட்ல அடிக்குது. மேல இருக்குற கருவிக்கு இங்கேருந்து ஒரகடம் வரைக்கும் ஒரே புள்ளி அங்கிள்."

அவள் நேர்மையானவள். கடிதத்தில் பதினாறையும் எழுதினாள், நீக்கியதையும் எழுதினாள். மேலாளர் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். "அவங்களே தப்புன்னு எழுதியிருக்காங்களே சார்."

ஜூனில் படுக்கையறைக்கு ஏசி வாங்கினேன். அதன் வெளிப்பெட்டியைப் பின்சுவரில்தான் மாட்ட முடிந்தது. எதிரே எங்கள் பின்னறையின் ஜன்னல். அங்கே தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்தார்கள். நான்காம் நாள் ஒருவன் வந்து நின்றான்.

"அய்யா, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்லதான் தூங்குதோம். ஒங்க மெஷின் அனலு பூரா எங்க சன்னலுக்குள்ளதான் வருது."

"எவ்வளவு அனல்?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுப் போனான். மாதக் கடைசியில் நான்கு பேரும் காலி செய்தார்கள்.

மனைவி மதியம் இரண்டு மணி நேரம் அந்த அறையில் படுக்கிறாள். அதற்கு மேல் முட்டி வலிக்கிறதென்று கூடத்துக்கு வந்துவிடுகிறாள். கூடத்தில் அதே வெயில். ஆகஸ்டில் அங்கேயே இன்னொரு முறை விழுந்தாள். எழுந்துகொண்டாள்.

ஏசி முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. மாட்டுக்கூலி இரண்டாயிரத்து எண்ணூறு. பின்னறை மூன்று மாதம் பூட்டிக் கிடந்ததில் பதினெட்டாயிரம். அந்த வருடம் கடையில் வாங்கிய வடகம் இரண்டு பொட்டலம், நூற்றெண்பது. ஆக ஐம்பத்தேழாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.