அடியில் நனைந்த சீட்டு

மழைத் தண்ணீர் மேலிருந்துதான் வரும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எங்களுக்கு இலவம்பஞ்சு வியாபாரம். அல்லிநகரத்தில் வீட்டை ஒட்டியே மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. நனைந்த மூட்டை வந்தால் என் வீட்டுக்காரர் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பார். மேல்பக்கம் ஈரமாக இருந்தால் வழியில் மழை. அடிப்பக்கம் என்றால் ஈரத்தரையில் போட்டு வைத்திருக்கிறார்கள். மேலும் கீழும் காய்ந்து நடுவில் மட்டும் ஈரம் என்றால், எடைக்காக யாரோ ஊற்றியிருக்கிறார்கள். எந்த லாரிக்காரரும் அவரிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்து எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதர் என்னிடமே தண்ணீர் விஷயத்தில் பொய் சொன்னார்.

ஊருக்குள் செல்போன் வராத காலம் அது. ஒருநாள் சாயங்காலம் எங்கள் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"போடியில சரியான மழை. கண்ணாடிய ஏத்தாம இறங்கிட்டேன். உள்ள பூராம் நனஞ்சுபோச்சு."

நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டாலே பதில் சொல்லாத மனிதர், கேட்காமல் சொல்கிறார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

காப்பியைக் கொடுத்துவிட்டு, விளக்குமாறு எடுக்கிற சாக்கில் காருக்குப் போனேன். பின்சீட்டைத் தொட்டேன். மேலே லேசான ஈரம், அவ்வளவுதான். சீட்டும் சாய்மானமும் சேர்கிற இடுக்கில் கையை விட்டால் சொட்டச் சொட்டத் தண்ணீர். காலடியில் கிடந்த மிதியடியைத் தூக்கினேன். கீழே விரித்திருந்த சணல் விரிப்பு ஊறிப்போய்க் கிடந்தது, அதற்கடியில் ஆற்று மணல். பின்கண்ணாடியை ஒட்டிய தட்டில் பழைய தூசி அப்படியே இருந்தது. மழை உள்ளே வந்திருந்தால் அந்தத் தூசிக்கு என்ன ஆகியிருக்கும்? இந்தத் தண்ணீர் கீழேயிருந்து ஏறியது. கார் எங்கேயோ ஆற்றில் இறங்கியிருக்கிறது.

மறுநாள் போடியில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டு, நலம் விசாரிக்கிற மாதிரி மழையைப் பற்றி விசாரித்தேன்.

"மழையா? இங்கன புழுதியில்ல பறக்குது" என்றாள்.

போனை வைத்த கையோடு முடிவு கட்டிவிட்டேன். அவருக்கு வேறெங்கோ ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு வருஷமாகவே பஞ்சு பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். பஞ்சு பார்க்கப் போகிறவனுக்குத் தேய்த்த சட்டை எதற்கு? பேக்கரியில் ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எங்கள் வீட்டுக்கு ஒரு பிஸ்கட்டும் வந்து சேரவில்லை.

அவர் போனால் போகட்டும் என்று நான் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டுமே. அம்மாவும் அப்பாவும் போன பிறகு வருசநாட்டில் இருக்கிற தம்பி வீடுதான் என் தாய்வீடு. அந்த வாசலையும் இவர்தான் அடைத்து வைத்திருந்தார்.

எல்லாம் எங்கள் மகளின் காதுகுத்தில் வந்த வினை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை விட்டுக்கொடுக்கிற தாய்மாமன் கிடையாது. அன்று தம்பி வந்த வேன், ஆற்றில் திடீரென்று தண்ணீர் வந்ததால் தரைப்பாலத்தில் நின்றுவிட்டது. கோயிலில் இவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று தன் பங்காளி ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். சீர்த்தட்டும் கிடாயுமாகத் தம்பி வந்து இறங்கும்போது, பிள்ளை காதில் தோட்டோடு அழுதுகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து வேன் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னான். கிடாயைத் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"ஆத்துல தண்ணியாம்! வெயில் காலத்துல ஆத்துல தண்ணி! யாருகிட்ட கதை விடுறான்?" என்று இவர் சபையில் கத்தினார். "இனி அந்த வீட்டு வாசல மிதிச்சா, இந்த வீட்டு வாசல மிதிக்க வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு தம்பி பேச்சை எடுத்தாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் அந்தக் கோபம் இறங்கவில்லை.

காரைக் காய வைக்கிற வேலையைத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன்.

"அவன் சீட்டக் கிழிச்சுப்புடுவான்."

பின்சீட்டை மல்லுக்கட்டிப் பிடுங்கி வெயிலில் சுவரோடு சாய்த்தார். நாலு கதவையும் திறந்து வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒயரை இழுத்து டேபிள் ஃபேனைக் காருக்குள் ஓட விட்டார். பழைய பேப்பரை விரித்து, ஊறியதும் எடுத்து எறிந்தார். கொட்டாங்கச்சியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டு மூலைக்கு மூலை வைத்தார். என்ன செய்தும் ஊறின சாக்கு நாற்றம் போகவில்லை. சாம்பிராணி போட்டார். சாம்பிராணி போட்ட சாக்கு நாற்றம் வந்தது.

நான் வெண்டைக்காயும் அரிவாள்மணையுமாக எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். எதையாவது ஒளிக்கிறாரா என்று பார்க்கத்தான். நான் பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரிந்தது. வெண்டைக்காய் தீர்ந்ததும் வெங்காயத்தை எடுத்தேன்.

சீட்டுக்குள் இருக்கிற தேங்காய் நார் காயவே மாட்டேன் என்றது. அதைப் பிடுங்கிவிட்டு இலவம்பஞ்சு வைத்து அடைக்கிறேன் என்று கிட்டங்கியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி வந்தார். காருக்குள் ஃபேன் ஓடுகிறது என்பதையே மறந்து அதன் பக்கத்தில் மூட்டையைப் பிரித்தார். அடுத்த நிமிஷம் காருக்குள்ளும் அவர் மீசையிலும் என் வெங்காயத்திலும் பஞ்சுதான். ஈரமான இடத்திலெல்லாம் அப்பிக்கொண்டது. ஆயுசு முழுக்கப் பஞ்சில் புழங்குகிற மனிதர் செய்கிற காரியமா இது? மனசு ஓர் இடத்தில் இல்லாதவர்தான் இப்படிச் செய்வார். அந்த மனசு எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பஞ்சைக் கழுவ அவர் குளிக்கப் போனார். நான் காருக்குள் தலையை விட்டேன். பின்பக்கத்துச் சணல் விரிப்பை உரித்து எடுத்தேன். அதன் மடிப்பில், மணலோடு மணலாக, ஒரு வசம்பு வளையல். கைக்குழந்தைக்குக் காத்துக் கறுப்பு அண்டாமலிருக்கக் கட்டுவோமே, அதுதான். என் இரண்டு விரலுக்கு மேல் அதற்குள் நுழையவில்லை.

பொம்பளை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிள்ளையும் இருக்கிறது. அந்த ஈர நாற்றத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. அது வந்தது நல்லதாகப் போயிற்று.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் முன்னால் காரின் பானெட் மேல் வளையலை வைத்தேன்.

"இது யாரு பிள்ளைது? மறைக்காமச் சொல்லுங்க."

துண்டு கையிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் வளையலைப் பார்த்தார்.

"உன் தம்பி பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கவே நேரமாயிற்று. தம்பிக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளை கிடையாது. அவன் பொண்டாட்டி ஏறாத கோயில் இல்லை.

"என் தம்பிக்கா? பிள்ளையா?"

"பொட்டப் பிள்ளை. தவழுது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பஞ்சு பார்க்க வருசநாட்டுப் பக்கம் போனபோது, தம்பியும் அவன் பொண்டாட்டியும் பஸ் வராமல் ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். "பிள்ளைத்தாச்சி வெயில்ல நிக்கிறா. எப்பிடி விட்டுட்டு வாறது?" என்று என்னையே கேட்டார். அன்றைக்குக் காரில் ஏற்றியவர், அதன் பிறகு போய்வர ஆரம்பித்திருக்கிறார். கடைசியாகப் போனது பிள்ளைக்கு ஊசி போடக் கடமலைக்குண்டுக்கு. அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி, நடுவில் கார் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கித் தள்ளித்தான் கரையேற்றினார்களாம்.

"அதே பாலம்தான்" என்றார் குரலைத் தாழ்த்தி. "சொட்டு மழை கிடையாது. எங்கிட்டிருந்து வந்துச்சுன்னே தெரியலை. அன்னிக்கி அவன் சொன்னது நெசந்தான்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"போகக் கூடாதுன்னு சொன்னதே நான்தான? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

நான் அதை நம்பினேன். பாவமாகக்கூட இருந்தது. வாய் விட்டதை விழுங்கத் தெரியாத மனிதர், என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு குடும்பம் இல்லை என்ற நிம்மதியில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"சீட்டை மாட்டுங்க. இப்பவே போவோம்" என்றேன்.

"இன்னும் காயலை. மிதியடிதான் காஞ்சிருக்கு."

"நான் உக்காந்து காய வைக்கிறேன்."

சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் சேலை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும், நான் பார்த்தால் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார். அவ்வளவு சொன்ன பிறகும் இன்னும் எதற்காக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார் என்று ஒரு சின்ன உறுத்தல். மனிதருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி வீட்டு வாசலில் இறங்கினேன். அவன் வெளியே வந்தான், நின்றான். முன்தலையில் நரை விழுந்திருந்தது. அவன் பொண்டாட்டி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பஞ்சு ஒட்டியிருந்த என் சேலையைப் பிள்ளை பிடித்து இழுத்தது.

"கோவம் தீந்துருச்சாக்கா?" என்றான் தம்பி.

நான் அவனைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவையும் மச்சானக் கேப்பேன். 'உங்க அக்கா இன்னும் இறங்கி வரலைப்பா, நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்'னு சொல்லுவாக. பிள்ளை பொறந்தன்னிக்கி நீதான் வந்து சேனை வைக்கணும்னு மச்சான்கிட்டச் சொல்லிவிட்டேன். அதுக்கும் வரமாட்டேன்னுட்டியாமே. பொறவு மச்சானே வச்சாக."

சேனை என்பது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல்முதலாகத் தொட்டு வைக்கிற சீனித் தண்ணீர். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது அத்தை செய்ய வேண்டியது. எனக்கு யாரும் சொல்லிவிடவில்லை. அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே அன்று காலைவரை எனக்குத் தெரியாது.

"எனக்கு எப்படா கோவம் வந்துச்சு?" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பினேன். என் வீட்டுக்காரர் காருக்குள்ளிருந்து மிதியடியை இழுத்து, நன்றாக உதறி, வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.