வெட்டுக்கு வைத்த ராணி

சாவகச்சேரிச் சதுரங்கப் போட்டியில் என் மகள் தன் ராணியை எதிராளியின் ராசாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். கோட்டை அதை வெட்டிவிடும்.

"ஐயோ பிள்ளை!" என்று கத்திவிட்டேன்.

நடுவர் ஓடிவந்தார். "இன்னொருக்கா வாய் திறந்தால் பிள்ளை தோத்ததெண்டுதான் எழுதுவன், அம்மா."

என் வாயில் வந்தது அப்பாவின் குரல். எனக்குப் பத்து வயதில் ஒருநாள் அவரோடு சதுரங்கம் ஆடினேன். எங்கள் பலகையில் தொலைந்த ராணிக்குப் பதிலாக ஒரு செத்த டோர்ச் பற்றரி நின்றது. அதை இப்படித்தான் அப்பாவின் ராசாவுக்கு அருகில் வைத்தேன். அவர் வெட்டினால் அடுத்தது என் குதிரையால் வெற்றி என்று கண்டுபிடித்திருந்தேன். அப்பா வெட்டவில்லை.

"ஐயோ பிள்ளை, பாத்து விளையாடு" என்று பற்றரியைப் பழைய கட்டத்திலேயே திருப்பி வைத்தார். அன்பாகத்தான். நான் வேறு காயை நகர்த்தினேன். அந்த ஆட்டத்தில் தோற்றேன்.

இங்கே எதிராளி ராணியை வெட்டினான். தன் ஆட்களுக்குள்ளேயே அடைபட்ட ராசாவின் மேல் மகளின் குதிரை பாய்ந்தது. ஆட்டம் முடிந்தது.

வெளியே வந்ததும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுதான் வைச்சனான், அம்மா. நீங்கள் கத்தின கத்திலை எனக்கே பிழையோ எண்டு போச்சு. நாளைக்கு வெளியிலை நில்லுங்கோ."