அகராதியக்கா போட்ட கையெழுத்து

அந்த மருந்தாய்வு நிலையத்தில் அவளுக்கு அகராதியக்கா என்று பெயர். திமிர் பிடித்தவள் என்ற பொருளில் இல்லை. அப்படி நினைத்து வந்தவர்களும் அவளோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் மனம் மாறிவிடுவார்கள். புது மருந்தைத் தங்கள் உடம்பில் சோதித்துப் பார்க்க முன்வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தைப் புரியவைப்பதுதான் அவள் வேலை. பக்கத்துக்கு ஒரு சொல்லாவது வாயில் நுழையாததாக இருக்கும். அதை நுழையவைத்துத்தான் விடுவாள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி. அங்கே உட்கார்ந்து பெப்டைடு என்றால் என்னவென்று நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"புரதம்னா நீளமான மணிமாலைன்னு வச்சுக்கங்க. அதே மணிகளைக் கொஞ்சமா கோத்தா அது பெப்டைடு. நீங்க சாப்பிட்டதும் உங்க குடலே இப்படி ஒண்ணைச் சுரக்கும், போதும்னு மூளைக்குச் சேதி சொல்ல. ஆனா அது ரெண்டு நிமிஷத்துல பாதி காலி. இந்த ஊசியில இருக்கிறது சீக்கிரம் கரையாத மாதிரி செஞ்சது. இதோட அரை ஆயுள் ஒரு வாரம்."

அரை ஆயுள் என்றதும் சிலருக்கு முகம் வெளுத்துவிடும்.

"ஐயோ, உங்க ஆயுள் இல்லைங்க, மருந்தோடது! வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. முதல் வாரம் பாதிப் பேர் கிளம்பிடறாங்க. மிச்சத்துல பாதி அடுத்த வாரம். வீடு முழுசா காலியாக ஒரு மாசத்துக்கு மேல ஆகும்ல? அதான்."

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர், யாருக்கு எது என்று ஊசி போடுகிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்பதையும் விளக்குவாள். கடைசியாகத்தான் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் வரும். விலகும் உரிமை. "எப்ப வேணும்னாலும், காரணமே சொல்லாம எழுந்து போயிடலாம். யாரும் ஏன்னு கேட்க முடியாது." இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் தோள் இறங்கும், பேனாவைக் கேட்பார்.

அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர் பெரிய டாக்டர். அதற்குமுன் எட்டு வருடம் கீழே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை ரிப்போர்ட்டை அவள் விளக்கிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கேட்டவர், மறுமாதமே மாடிக்கு அழைத்துக்கொண்டார். "படிச்சவங்களுக்குக்கூட இந்த வாய் வராதும்மா" என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. வெளுத்ததெல்லாம் பால்.

அதனால்தான் அந்தக் காரியத்தையும் செய்தாள். ஆய்வில் இருப்பவர்கள் போனில் ஏதாவது சொன்னால் அதற்கென்று ஒரு குறிப்புத் தாள் உண்டு. என்ன சொன்னார் என்று எழுதி, அடியில் 'கேட்டு எழுதியவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். அவள் அறைக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே போன் அடித்துக்கொண்டே இருக்கும். "ஒரு இருபது தாள்ல முன்னாடியே போட்டு வச்சிடுங்களேன். யார் எடுத்தாலும் எழுதிக்கட்டும்" என்றார் டாக்டர். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், இருபது வெற்றுத்தாளில் போட்டுக்கொடுத்தாள். ஊருக்குத்தானே உபதேசம்! நினைத்தால் கோபம் வரத்தான் செய்கிறது.

இந்த ஆய்வில் முப்பத்தொன்றாம் எண் அவள் தங்கை. பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்றே வேலை, கூடவே சர்க்கரை, முழங்கால் வலி. எடை குறைந்தால் எல்லாம் குறையும் என்று அக்காதான் சேர்த்துவிட்டாள்.

ஒன்பதாவது வாரம் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். இரண்டாம் நாள் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, விலாவுக்குக் கீழ ஒரே வலி. முதுகு வரைக்கும் இழுக்குது. தண்ணி குடிச்சாலும் வாந்தி."

அகராதியக்கா டாக்டரின் அறைக்கு ஓடினாள். "உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான். ஊசியை நிறுத்திடலாம். அறிக்கையை நானே எழுதி மருந்துக் கம்பெனிக்கு அனுப்பிடறேன். நீங்க பதறாதீங்க" என்றார். அவள் கைகூப்பிவிட்டு வந்தாள்.

அந்த ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பித்தப்பைக் கல் வழியை அடைத்து, கணையம் வீங்கிவிட்டது. ஆய்வில் உள்ளவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அது தீவிரப் பாதகம். ஒரே நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும். அகராதியக்கா வார்டிலிருந்தே டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். "அனுப்பியாச்சும்மா" என்றார்.

அடுத்த வாரம் கோப்புகளைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஒரு தாளைத் திருப்பிக் காட்டிக் கேட்டாள்.

"அக்கா, முப்பத்தொண்ணு விலகினதா நீங்கதானே குறிப்பு எழுதியிருக்கீங்க? அப்ப உடம்புக்கு ஏதாவதுன்னு சொன்னாங்களா?"

'வெளியூரில் வேலை கிடைத்ததால் விலகுவதாகத் தொலைபேசியில் தெரிவித்தார்.' எழுத்து யாருடையதோ. அடியில் இருந்த கையெழுத்து அவளுடையது. வெளியூருக்குப் போனதாகச் சொல்லப்பட்டவள் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று எழுந்து நேரே டாக்டரிடம் போனாள்.

"ஏன் டாக்டர் இப்படிப் பண்ணீங்க?"

அவர் கதவைச் சாத்தினார். குரல் அதே பழைய குரல்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உட்காருங்கம்மா. அவங்க ஊசியை நிறுத்தினப்புறம் வந்த நோவு இது. நம்ம கணக்குல வராது."

"கடைசி ஊசி போட்டு பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. மருந்துல கால் பங்குக்கு மேல உடம்புலதான் இருந்திருக்கும். அதுவும் வலி ஊசியோடவே ஆரம்பிச்சது. உங்ககிட்ட வந்து சொன்னேனே!"

"அவங்களுக்கு வெறும் உப்புத்தண்ணியே போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"தெரியாததனாலதானே டாக்டர் எல்லாத்தையும் எழுதணும்? தெரிஞ்சுட்டா அப்புறம் ஆய்வு எதுக்கு?"

அவர் பெருமூச்சு விட்டார். "ஒரு தீவிரப் பாதகம்னா நூறு கேள்வி வரும். ஆய்வு கைவிட்டுப் போனா இங்க பதினாறு பேருக்கு வேலை இல்லை. நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க, எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகலாம்னு? விலகினாங்க. அவ்வளவுதான். அப்புறம், கையெழுத்து யாருதுன்னு பார்த்தீங்கல்ல?"

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி அவள் கையைப் பிடித்தல்லவா மேய்ந்திருக்கிறது! இந்த மனிதருக்கா கைகூப்பினோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

திரும்பி வந்து, கம்பெனிப் பெண்ணிடம் விலகியவர்களின் கோப்புகளை எல்லாம் எடுக்கச் சொன்னாள். இன்னும் நான்கு தாள். வேலை, திருமணம், வீடு மாற்றம், நேரமின்மை. நான்கிலும் அவள் கையெழுத்து. நான்கு பேர் முகமும் அவளுக்கு நினைவிருந்தது. அவர்கள் ஏன் விலகினார்கள், இப்போது எங்கே எந்த வலியோடு இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

"மேடம், கையெழுத்து என்னுது. ஆனா இந்த போன் எதையும் நான் எடுக்கலை. வெத்துத்தாள்ல போட்டுக் கொடுத்தேன். முப்பத்தொண்ணு வெளியூர் போகலை. என் கூடப்பிறந்தவ."

அந்தப் பெண் கோப்பை மூடினாள். "இதை எழுதித் தரணும் அக்கா. எழுதினா உங்க வேலையும் போகும்."

எழுதிக்கொடுத்தாள். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். குழாயை எடுத்திருந்தார்கள். தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அகராதியக்கா எதையும் மறைக்கவில்லை. தாள், கையெழுத்து, டாக்டரின் பேச்சு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டியது.

"பாவி, தங்கச்சி தங்கச்சின்னு சொல்லியே கழுத்தறுத்துட்டான்டி. ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்."

தங்கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"என்னை அவர் ஏமாத்தலைக்கா. அவரை நான் எப்ப நம்பினேன்? அவர் முகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்லை. நான் உன்னைத்தானே நம்பி ஊசி போட்டுக்கிட்டேன்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடியும்வரை அகராதியக்கா அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.