கப்பல் வீட்டின் மூக்கு

கான்கிரீட் தளத்துக்குள் கம்பி எப்போதும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். படுப்பவனுக்குக் கீழேதானே கயிறு ஓடுகிறது? மேலே கட்டினால் அது துணி காயப்போடும் கொடி. இந்தக் கட்டில் தத்துவத்தோடு, தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் பெயின்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன்.

தொழில் வரவில்லை, சொற்கள் மட்டும் வேகமாக வந்தன. ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் பட்டை ஓடினால் லிண்டல். அதிலிருந்து வெயிலுக்கு நீட்டினால் சன்ஷேடு. அறைக்குள் தலைக்கு மேல் பழைய அண்டாவைப் போட்டு வைத்தால் லாஃப்ட். கார் நின்றால் போர்ட்டிகோ. கார் இல்லாதவர் நாற்காலி போட்டால் சிட்-அவுட். பக்கத்து வீட்டுக்காரர் வயிறு எரிவதற்காகச் செய்வதெல்லாம் எலிவேஷன். ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடியில் தூணே இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கான்டிலீவர். இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கால் கூசும்.

கடல் இல்லாத ஊரில் கப்பல்

நத்தம் ரோட்டில் சவரிமுத்து அண்ணன் கட்டிய வீடு கப்பல். அவருக்கு வெங்காய மண்டி. வியாபார விஷயமாகத் தூத்துக்குடி போன இடத்தில் கப்பலைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் இன்ஜினியரிடம் சொன்னாராம்: “எம் பொழப்பு அம்புட்டும் வெங்காயச் சாக்குக்குள்ளயே போச்சு சார். வீடாவது கடல்ல போற மாதிரி இருக்கட்டும்.”

வட்ட வட்டமாக ஜன்னல். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி புகைக்கூண்டு மாதிரி. மாடியின் முன்பக்கம், கூம்பாக எட்டடி நீட்டிக்கொண்டு, தூணே இல்லாமல் ஒரு பால்கனி. சைட்டில் எல்லோரும் அதை மூக்கு என்றுதான் சொல்வோம். நான் வேலைக்குச் சேரும் முன்பே மூக்குக்குக் கான்கிரீட் போட்டு, முட்டுக் கொடுத்த கம்புகளையும் பிரித்துவிட்டார்கள். நான் பார்த்தது பூச்சும் பெயின்ட்டும் மட்டும்.

சர்ச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும் நாளுக்கு முந்தின நாள் இன்ஜினியர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெல்டர் ராசு கைப்பிடிக் குழாய் நடுவதற்காக மூக்கின் மேல்பக்கத்தில் உளியால் கொத்திக்கொண்டிருந்தான்.

“அண்ணே, செத்த இங்க வாங்க. கொத்தக்கூட இல்ல, அதுக்குள்ள கம்பி தட்டுது.”

“எங்கடா?”

“இந்தா, மேலயே கெடக்கு.”

தொட்டுப் பார்த்தேன். தடித்த கம்பி. தள்ளி இன்னொரு இடத்தில் கொத்தச் சொன்னேன். அங்கேயும் மேலே.

“அடியிலயும் இருக்குமாடா?”

“நான் என்ன எக்ஸ்ரே மிசினாண்ணே?”

என் கட்டில் தத்துவம் தீர்ப்பு சொல்லிவிட்டது: கம்பியைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள். அடியில் வெறும் ஜல்லியும் சிமென்ட்டும். இத்தனை நாள் விழாமல் நிற்பது கூட்டமாக யாரும் ஏறாததால்தான்.

“நாளைக்கு இதுல யாரு யாருடா ஏறுவாங்க?”

“சாமியாரு, வீட்டாளுக, சொந்தக்காரவுக. அப்புறம் பேண்டு செட்டு. மொதலாளி சொல்லிட்டாருல்ல, மூக்கு மேல நின்னுதான் போட்டோன்னு.”

பேண்டு செட்டு என்றால் அந்தப் பெரிய டிரம்மும் சேர்த்து. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். இன்ஜினியர் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாண மண்டபத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. சவரிமுத்து அண்ணனிடம் உண்மையைச் சொன்னால் இன்ஜினியர் பெயர் ஊரெல்லாம் நாறும். சொல்லாவிட்டால் அத்தனை பேரும் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பொய்.

“அண்ணே, நாளைக்கு மூக்குல யாரும் ஏற வேணாம்ணே. பெயின்ட் காயல.”

“ஏலே, பெயின்ட் அடிச்சு ஒரு வாரம் ஆச்சு.”

“தேனீ கூடு கட்டியிருக்குண்ணே.”

“எங்க, காட்டு.”

“கட்டும் போலத் தெரியுதுண்ணே.”

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “ஏன் அப்பு, காச்ச கீச்ச அடிக்குதா? போயி ரசஞ்சோறு தின்னுட்டுப் படு.”

நான் படுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த சவுக்குக் கம்புகளில் ஆறு தேறியது. ராசுவைக் கூட்டி, மூக்குக்கு அடியில் நட்டு, குறுக்கே ரீப்பர் கட்டை அடித்து, ஆப்பு வைத்து இறுக்கினேன். சந்தேகம் வராமலிருக்கத் தலையிலிருந்து கால்வரை ஜிகினாத் தாள் சுற்றினேன். பயத்தில் செய்த வேலைக்கு இவ்வளவு மினுமினுப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சவரிமுத்து அண்ணன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். “ஏலே, கப்பலுக்கு எவன்டா காலு வச்சது?”

“சிங்காரம்ணே. கப்பலக் கரையில கட்டிப்போட கம்பம் வேணும்ல?”

ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. பலூனும் கட்டிரு.”

மூக்கின் கீழே நான்

மறுநாள் காலையில் மேலே ஏற எனக்குத் தைரியம் இல்லை. ஓடிப்போகவும் தைரியம் இல்லை. ஆகவே அடியில், நுனி ஓரமாக நின்று ஒரு கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தளம் இறங்கினால் நான் பிடித்துக்கொள்வேன் என்று என் உடம்பு நினைத்திருக்க வேண்டும். அப்போது என் எடை ஒரு வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.

படியில் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் மனசுக்குள் ஒரு ஜல்லி உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் காரில் வந்து இறங்கினார், மனைவியோடு. பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

“சார், மூக்குல கம்பி மேல இருக்கு சார்!”

“இருக்கட்டும்யா” என்று சொல்லிவிட்டு, அவரும் மனைவியும் சிரித்த முகமாக மாடிக்குப் போனார்கள். பாவம், அவருக்கே விஷயம் தெரியவில்லை. கூட அந்த அம்மாவும் போகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது. திரும்ப ஓடி வந்து கம்பைப் பிடித்தேன்.

பேண்டு செட்டு ஆரம்பித்தது. டிரம் அடி என் முதுகுத்தண்டில் விழுந்தது. மேலே சவரிமுத்து அண்ணன் குரல்: “எல்லாரும் மூக்கு நுனிக்கு வாங்க! இன்னுங் கொஞ்சம் முன்னால!” கண்ணை இறுக்கி மூடினேன். அப்போது என் பிடரியில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. தளம் பிளந்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கசிகிறது.

“எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!” என்று கத்தியபடி வெளியே ஓடினேன். சத்தம் கேட்டு பேண்டு நின்றது. மூக்கின் நுனியிலிருந்து சாமியார் எட்டிப் பார்த்தார். அவர் கையில் தீர்த்தச் செம்பு.

“என்ன தம்பி, தீர்த்தம் பத்தலையா?” என்று கேட்டு, இன்னொரு முறை என் மேல் நன்றாகவே தெளித்தார். மேலே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் தளம் அதிருமே என்று அதற்கும் பயந்தேன்.

பிரியாணி வாளி

பந்தி முடிந்ததும் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரியாணி வாளியை எடுத்து, நீட்டிய என் கையில் மாட்டினார்.

“எங்கய்யா இழுக்குது?”

“தோளுக்கு மேல்பக்கம் சார்.”

“இழுக்குற எடத்துலதான் கம்பி வேணும். ரெண்டு பக்கமும் சுவர்ல உக்காந்த தளம் நடுவுல தொய்யப் பாக்கும். அதனால அடியில இழுக்கும். இது ஒரே பக்கம் பிடிச்சுக்கிட்டு நீட்டி நிக்குது; மேலதான் இழுக்கும். அடியில மட்டும் கம்பி போட்டிருந்தா முட்டுப் பிரிச்ச அன்னைக்கே நான் ஜெயில்ல இருந்திருப்பேன். நீ பெயின்ட் கடையிலயே இருந்திருப்பே.”

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: டிராயிங்கைப் பாருங்கள், புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்ட பிறகு பயப்படுங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.

ஆனாலும் அன்றைக்கு என் வீம்பு போகவில்லை. “எதுக்கும் இருக்கட்டும்னு ஆறு முட்டுக் குடுத்தேன்ல சார். அதுவும் ஒரு பலம்தானே?” என்றேன்.

அவர் என்னை மூக்குக்கு அடியில் கூட்டிப் போனார். நான் கட்டிப்பிடித்திருந்த கம்பின் உச்சியில் ஜிகினாத் தாளைக் கிழித்தார். பிறகு மற்ற ஐந்தையும் கிழித்தார். அவசரத்தில் கம்புகளுக்கு அடியில் பலகை வைக்க மறந்திருந்தேன். புதிதாகக் கொட்டிய கிராவல் மண். காலையில் தூசி அடங்க அதன்மேல் லாரித் தண்ணீரை அடித்திருந்தார்கள். மண் அமுங்கி, கம்புகள் இறங்கியிருந்தன. ஒவ்வொரு கம்புக்கும் தளத்துக்கும் நடுவில் அவருடைய ஆள்காட்டி விரல் தாராளமாகப் போய் வந்தது. பேண்டு செட்டு முழுக்க மேலே நின்று அடித்தபோது, ஆறு கம்பில் ஒன்றுகூட மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.