ஆரியங்காவில் நின்ற வண்டி

கொழும்பிலிருந்து தந்தி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் அங்கே ஓர் அரிசிக்கடையில் வேலை பார்த்தார். மூட்டைகள் சரிந்து கால் நசுங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வரவும் என்று கடைக்காரர்கள் அடித்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அப்பாவும் நானும் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். கொல்லத்திலிருந்து வரும் வண்டியில் ஏறி, மணியாச்சியில் மாறித் தூத்துக்குடி போனால் சாயங்காலக் கப்பலைப் பிடித்துவிடலாம்.

வண்டி வரவில்லை. ஊருக்குள் வெறும் சாரல்தான். மேற்கே மட்டும் மலையே தெரியாமல் மூடிக் கிடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, "ஆரியங்காவு பக்கம் ராத்திரியெல்லாம் பேய்மழை. தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சு கெடக்கு. அள்ளுதாங்க" என்றார்.

"எப்ப சார் வரும்?" என்று அப்பா கேட்டார்.

"எந்த நேரமும் வரலாம். தகவல் வந்தாத்தான் எனக்கே தெரியும்."

திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய், அங்கே வேறு வண்டி பிடிக்கலாமா என்று நான் கேட்டேன். "நாம அங்கன போற நேரத்துல வண்டி வந்துட்டா என்னட்டி செய்ய?" என்றார் அப்பா. அங்கேயே உட்கார்ந்தோம்.

எதிர்த்திசை வண்டியில் குற்றாலத்துக்குக் குளிக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அருவியில் நல்ல தண்ணீர் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்களும் குத்தாலத்துக்கா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

உச்சிவேளை தாண்டித்தான் வண்டி வந்தது. மணியாச்சியில் இறங்கியபோது தூத்துக்குடி வண்டி போயிருந்தது. மறுநாள் துறைமுகத்தில் விசாரித்தால், முதல்நாள் கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது, அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான் என்றார்கள். அப்பா அங்கே இருந்த குமாஸ்தாவிடம் தந்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினார். அவர் என்ன செய்வார், பாவம்.

அந்தக் கப்பலில் கொழும்பு போய் நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதற்கு முந்தின நாள்தான் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

"நீ வந்தபொறவு வெட்டலாம்னு ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன்" என்றார் அவர். "அதுக்கு மேல டாக்டர் கேக்கல. வந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

நான் போர்வையை இழுத்து விட்டேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் கட்டை ஊன்றி நடந்தார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவேயில்லை. நானும் பதில் சொல்லவில்லை.